இன்னும் உண்டு

பாம்பன் தெற்குவாடி ஏலக்கூடத்துக்குப் பின்னால்
ஐஸ் உடைக்கும் இயந்திரத்தோடு சுவரைப் பங்கிட்ட அறை.
அதிர்வில் மேசை நகரும். மடிக்கணினிக்கு அடியில்
ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருக்கிறேன்.

இரவு ஒன்றரை. கச்சான் தகரத்தைத் தட்டுகிறது.
திரையில் ஓர் எழுத்துருக் கோப்பு,
குடலெடுத்த சீலாபோல
பைட் பைட்டாய்ப் பிரிந்து கிடக்கிறது.

எடைச்சீட்டு அச்சடிக்கும் கைப்பெட்டிக்கு நினைவு குறைவு.
முழுத் தமிழும் அதில் ஏறாது.
நூற்றுப் பன்னிரண்டு படகுகளின் பெயரை வாங்கி
அவற்றில் வரும் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.
ங தனியாக எவருக்கும் வேண்டியிருக்கவில்லை.
ஔ வைத்து இங்கே எவரும் படகு விடுவதில்லை.

"பாம்பன்ல உக்காந்து பைத்தானா?" என்று
ஏலக் கணக்கர் பிரிட்டோ சிரிப்பார்,
தினமும், முதன்முறை போல.

முதலில் முகவரி அட்டவணை. அதில் எழுத்தே கிடையாது,
எந்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்ற எண்தான்.
அடுத்ததன் தொடக்கமே இதன் முடிவு.
ஆகவே எழுத்துகளைவிட எண் ஒன்று கூடுதல்;
கடைசி எழுத்துக்கும் ஒரு கரை வேண்டுமே.
அடுத்தடுத்த இரண்டு எண்ணும் ஒன்றேயானால்
நடுவில் ஒன்றுமில்லை: இடைவெளி.
அதற்கு உடம்பில்லை, அகலம் உண்டு.

நேற்று சீனி நூர்தீன் வந்தார், ஈரச் சீட்டை நீட்டியபடி.
படகின் பெயர் ஃபாத்திமா.
மாதாவா, நபி மகளா என்று பிரிட்டோ கேட்டார்.
"என் மக" என்றார் நூர்தீன்.
சீட்டில், பாவுக்கு முன்னால், முக்கோணமாய்
மூன்று கொக்கி.
"நான் வலைக்காரன். இது யாரோட தூண்டில்?"

பிறகுதான் ஃ-ஐத் திறந்து பார்த்தேன்.
(கோப்புக்குள் கிடக்கும் இந்த உருவங்களுக்கு
கிளிஃப் என்று பேர். அதை எழுதவே ஃ வேண்டும்.)
சுற்றுக்கோடு எத்தனை என்று கேட்டால்
மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லும்.
ஃ, கழித்தல் ஒன்று என்றது.
எனக்கென்று கோடு இல்லை, கடன் வாங்குகிறேன்
என்று அதற்குப் பொருள். உள்ளே மூன்று வரி:

அறுபத்தொன்றைக் கூப்பிடு, இடப்பக்கம் வை, இன்னும் உண்டு.
அறுபத்தொன்றைக் கூப்பிடு, வலப்பக்கம் வை, இன்னும் உண்டு.
அறுபத்தொன்றைக் கூப்பிடு, மேலே வை.

அவ்வளவுதான் ஆய்தம்.

அறுபத்தொன்று புள்ளியாகத்தான் இருந்தது,
நான் ஆள் குறைத்து வரிசையை நெருக்கும்வரை.
இப்போது புள்ளி முப்பத்து நாலில் குடியிருக்கிறது.
அறுபத்தொன்றில் இகரத்தின் கொக்கி.
ஃ-க்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
பழைய கதவை மூன்று முறை தட்டியிருக்கிறது,
மூன்று முறையும் வேறு ஆள் திறந்திருக்கிறது.

வெளி அட்டவணையில் எல்லா எண்ணையும் மாற்றியவள்
எழுத்தின் வயிற்றில் கிடந்த எண்ணை மறந்துவிட்டேன்.

ஐந்து வரி நிரல்:
கழித்தல் ஒன்று என்றால் உள்ளே போ,
பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுது,
'இன்னும் உண்டு' ஓயும்வரை.
நீளம் ஒற்றைப்படையில் நின்ற இடங்களில்
ஒரு சுழியம் போட்டு நிரவினேன்.
கூட்டுத்தொகை பொருந்தவில்லை. மறுபடியும் பொருந்தவில்லை.
மூன்றே முக்காலுக்கு அச்சுப்பொறி
ஒருமுறை இருமிவிட்டு வாங்கிக்கொண்டது.

நாலேகாலுக்கு ஃபாத்திமா கரை சேர்ந்தது.
நகரை இரண்டு கூடை, மிச்சம் காரல்.
சீட்டு வந்தது. விளக்கடியில் நூர்தீன்
ஒவ்வொரு புள்ளியாய் நகத்தால் தொட்டார்.
மகள் பெயரைத் தொடவில்லை, புள்ளிகளை மட்டும்.
பிறகு நகம் கீழிறங்கி எண்களுக்கு வந்தது.
"எடையில அரைக் கிலோ குறையுதே?"

அது என் அட்டவணை இல்லை என்றேன்.
பிரிட்டோவைத் தேடிப் போனார்,
செதிள் ஒட்டிய சீட்டை
காற்றுக்கு விடாமல் இரு கையாலும் பிடித்தபடி.