உசிரு பிடி

யோகா கற்க நான் போகவில்லை.
எங்கள் பிஜியில் இருபத்திரண்டு பெண்களுக்கு ஒரு கழிப்பறை.
பொம்மனஹள்ளிப் பூங்காவில் சுத்தமாக ஒன்று இருந்தது.
காலை வகுப்பில் பேர் எழுதினால்
காவலாளி சாவி தருவார்.

எழுதினேன்.
யாரோ விட்டுப்போன செய்தித்தாள்தான் பாய்.
உட்கார்ந்து கண்ணை மூடச் சொன்னார் ஷைலஜா மேடம்.
"உசிரு பிடி" என்றார்.
பிடித்தேன்.
"பிடி, நிதானமாகி பிடி, பூர்த்தி பிடி."
இன்னும் இறுக்கினேன்.
தருமபுரியிலிருந்து வந்து பதினெட்டு நாள்தான்.
காது அடைத்தது, பூங்கா மஞ்சளாயிற்று,
சொன்ன பேச்சு கேட்கிறவள் நான்,
விழும்வரைக்கும் விடவில்லை.

தண்ணீர் தெளித்து எழுப்பிய ஓசூர்க்காரி
காதருகில் சொன்னாள்:
கன்னடத்தில் பிடி என்றால் விடு, அக்கா.
நம் பிடி இவர்களுக்கு ஹிடி.
பால் ஹாலு ஆகிற கணக்கு.
உசிரு என்றால் வெறும் மூச்சு.

வெறும் மூச்சா.
உசுரைக் கையில் பிடித்துக்கொண்டு
ராத்திரி பஸ் ஏறி வந்தவளுக்கு
அது எப்படித் தெரியும்?

பிறகு ஒன்பது வருஷம்.
நாலாவது லைனில் காலர் செக்கிங்,
மணிக்கு நூற்றிருபது.
தலைக்குமேல் பலகையில்
எங்கள் எண் சிவப்பில் ஓடும்.
குறைந்தால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார்,
நிமிர்ந்து உட்காரச் சொல்கிற சாக்கில்
முதுகில் கை வைப்பார்.
கம்பெனி வேறு ஊருக்குப் போனது.
பி.எஃப். பணத்தில் பாதி
சான்றிதழ் படிப்புக்குப் போனது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு ஸ்டுடியோ,
அங்கே ஒரு மாதம் இருந்தேன்.
நல்ல சம்பளம், பொய் சொல்லக் கூடாது.
நாலு சுவரும் கண்ணாடி.
எல்லோரும் தங்களைப் பார்த்தபடியே மூச்சு விட்டார்கள்.
எட்டு வரை சத்தமாக எண்ணச் சொன்னார்கள்.
ஐந்துக்குமேல் எண்ணும்போது
என் கண் தானாக மேலே போய்
அந்தச் சிவப்புப் பலகையைத் தேடியது.

இப்போது கூட்லுவில்,
முனிரெட்டி பில்டிங் பார்க்கிங்.
ஞாயிறு ஆறு மணி.
ஸ்கூட்டர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு
ஆயில் கறைமேல் பழைய ஃப்ளெக்ஸ் விரித்தால்
பதினோரு பேர் படுக்கலாம்.
பன்னிரண்டாவது ஆள் வந்தால் நான் நிற்பேன்.

நான் எண்ணுவதில்லை.
எவ்வளவு நேரம் அக்கா, என்பார்கள்.
ரெண்டாவது மாடிக் குக்கர் விசில் அடிக்கிறவரை, என்பேன்.
சில நாள் அவர்கள் வீட்டில் உப்புமா.
அன்றைக்கு நாங்களாகவே இறங்கிவிடுவோம்.

யார் முதுகையும் தொடமாட்டேன்.
கோணலாக நின்றால்
நானும் அதே மாதிரிக் கோணி நின்று காட்டுவேன்,
சிரித்துக்கொண்டு சரிசெய்துகொள்வார்கள்.
செய்துகொள்ளாவிட்டாலும் போகட்டும்,
ஆறு நாள் ஒரே பக்கம் சாய்ந்து தைக்கிற இடுப்பு.

பிணம்போல் கிடப்பதற்கும் ஒரு பேர் உண்டு, சவாசனம்.
டபுள் ஷிஃப்ட் முடித்து வரும் நூருன்னிசாவுக்கு
அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
அவள் குறட்டை விட்டால் அன்றைக்கு வகுப்பு நன்றாக நடந்தது.

பிடி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.
விடு என்பேன்.
கன்னடக்காரர்களுக்கு அது பிடுவாகக் கேட்கும்,
நம்மவர்களுக்கு விடுவாகவே.
யாரும் மயங்கியதில்லை இதுவரை.

போன வாரம் ஒடிசாவிலிருந்து ஒரு பெண், ஜூனு.
விடு என்றேன், விழித்தாள்.
பிடு என்றேன்.
கையைக் கட்டிக்கொண்டாள்.
எதிரே உட்கார்ந்து
சுடு டீயை ஊதுவதுபோல் அவள் பக்கம் ஊதினேன்.
திருப்பி ஊதினாள்.
என் நெற்றி முடி பறந்தது.

உன் பாஷையில் இதற்கு என்ன பேர்,
என்று கையாலேயே கேட்டேன்.
சொன்னாள்.
அதற்குள் விசில் வந்துவிட்டது,
சரியாகக் காதில் விழவில்லை.
ஞாயிறு வந்தால்
மறுபடி கேட்க வேண்டும்.