ஹைட்ரஜன் சல்பைடின் மணம் யாது?

வேலைக்குச் சேர்ந்த வருஷம்
ஒரு டஜன் சிவப்புப் பேனா வாங்கினேன்,
முதுநகர் பேருந்து நிறுத்தத்துக் கடையில்.
அரையாண்டுக்குள் பத்து தீர்ந்தது.
அதற்குப் பெயர் உழைப்பு என்று நம்பினேன்.

பூஜ்ஜியம் எனக்கு அழகாக வரும்.
தொடங்கிய புள்ளியிலேயே பிசிறில்லாமல் வந்து முடியும்.
"டீச்சர் போடற முட்டைய அடையே வைக்கலாம்"
என்பார் தணிகாசலம் சார்.
சிரிப்பேன். இதை எழுதும்போதும்
கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

பத்தாம் வகுப்பு, வினா எண் ஏழு, ஒரு மதிப்பெண்:
ஹைட்ரஜன் சல்பைடின் மணம் யாது?
அழுகிய முட்டை என்கிறது விடைக்குறிப்பு.
சிப்காட்டுக்குப் பின்னாலிருந்து சைக்கிளில் வரும் பூவராகன்
எழுதியிருந்தான்:
ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க தெரு.

வட்டம் போட்டேன்.
பக்கத்தில் "நக்கலா?" என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

ஜனவரியில் தாளைக் கொடுத்தபோது
எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டேன்,
வகுப்பு முழுக்கக் கேட்கட்டும் என்றுதான்.
"அழுகின முட்டைய மோந்ததில்ல டீச்சர்.
சத்துணவுல தர்ற முட்டை.
அழுகறவரைக்கும் யாரு வச்சிருப்பா?"
வகுப்பு சிரித்தது.
அவன் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை.
கேட்டதற்கு விடை சொன்னான், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால்
நானும் மோந்ததில்லை.
பள்ளியில், கல்லூரியில், வேலைக்கான போட்டித் தேர்வில்
அழுகிய முட்டை அழுகிய முட்டை என்றெழுதியே
மூன்று முறை மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

மாசியில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம்.
வரவேற்பு முடிந்து கடைசிப் பஸ்.
ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்
காற்று திரும்பியது.
யாரும் எதுவும் பேசவில்லை.
முன்சீட்டிலிருந்து பின்சீட்டுவரை
கண்ணாடிகள் இறங்கின.
தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண் திறக்காமல்
கையை மட்டும் நீட்டி இறக்கினார்கள்,
அத்தனை பழக்கம்.
என் மூக்கு சொன்னது:
வினா எண் ஏழு.

அடுத்த வருஷம் சிவப்பை விட்டேன்.
மதிப்பெண்ணே இல்லாமல் பென்சிலால் நாலு வரி:
இங்கே நன்றாக யோசித்திருக்கிறாய்,
இங்கே ஏன் நின்றுவிட்டாய்.
ஷமீமாவின் அத்தா துறைமுகத்திலிருந்து வந்தார்,
ஐஸ் கரைவதற்குள் திரும்ப வேண்டிய அவசரத்தில்.
நின்றுகொண்டே முழுவதும் படித்தார்.
"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க.
புள்ள பாஸா, ஃபெயிலா?"
அந்தக் கேள்வியைத் தப்பென்று எப்படிச் சொல்ல?
பாஸ் என்றேன்.
நாலு வரிக்கு மாறாத முகம்
ஒரு சொல்லுக்கு மாறியது.

இப்போது மஞ்சக்குப்பத்தில் திருத்தும் முகாம்.
காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து.
பெயர் இல்லை, ஊர் இல்லை, தெரு இல்லை.
முதலில் இதை நியாயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.
இன்றும் பாதி மனசு அப்படித்தான்.
மீதிப் பாதி, பிள்ளைகள் அடித்துவிட்ட வரிகளை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கிறது.
சில தாள்களில் விடையைவிட
அடித்த இடத்தில்தான் பிள்ளை அதிகம் இருக்கிறது.
அதற்கு மதிப்பெண் போடக் கட்டம் கிடையாது.
தணிகாசலம் சார் இப்போது முதன்மைத் தேர்வாளர்.
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
அந்த அரையாண்டில் பூவராகன் மொத்தம் முப்பத்துநாலு.
பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை.
"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல டீச்சர்,
அவங்கப்பாவுக்கு உடம்பு முடியல" என்றார் சார்.
இருக்கலாம்.
திருப்பூரில் இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

ஏழாவது வினா வரும்போதெல்லாம்
பேனா கொஞ்சம் நிற்கிறது.
அறையின் ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.
இன்று கடல்காற்று.