பையில் பழுத்தது

நூற்று அறுபதுக்கு நூறு.
கைப்பட்டை காற்றிறங்கித் தளர்ந்ததும்
ஐகிரவுண்டு டாக்டர் ரெஜினா
உப்பைக் குறைங்க, ஊறுகாயை விடுங்க என்றார்.
பிறகு, சீட்டில் எழுதாமல்,
"பட்டர் புரூட் கிடைச்சா சாப்பிடுங்க."

வண்ணாரப்பேட்டையில் மசூது பாய்
எடுத்துத் தந்தது ஒரு பச்சைக் கல்.
கொடைக்கானல் சரக்கு. எண்பது ரூபாய்.
அம்பைக்குப் போய்த் திரும்பலாம் அந்தக் காசில்.
"இன்னைக்கே கடிச்சீரு, பல்லு போயிரும்."

சில்லறைக்கு நடுவே போட்டேன்.
மேலப்பாளையம், பத்தமடை, சேரன்மகாதேவி,
ஐந்து ரூபாய் தேடிப் போகும் விரல்
அதையும் ஒருதரம் விசாரித்து வரும்.
முதல் நாள் கல்.
மறுநாளும் கல்.
மூன்றாம் நாள் வீரவநல்லூர் தாண்டி
காற்று குறைந்த டயர்போல
கொஞ்சம் உள்ளே போனது.

அன்றைக்கென்று செக்கிங்.
"பையில என்னவே இது?"
"மருந்து சார்."
வாங்கி, காம்படியில் பெருவிரலால் அழுத்தி,
"நாளைக்கு வெட்டும்" என்றார்.
அவருக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்று நாற்பதாம்.

களக்காட்டில் வாழை போட்டிருக்கும்
மச்சினன் கொம்பையாவுக்குத்தான் பொறுக்கவில்லை.
"நம்ம ஏத்தனில இல்லாத பொட்டாசியமா?"
இருக்கிறது மாப்பிள்ளை,
இதில் கொஞ்சம் கூடுதல், சர்க்கரை பேருக்குத்தான்,
நார் நிறைய.
கொழுப்பும் உண்டு, ஆனால் நல்ல கொழுப்பு என்றேன்.
"அது உமக்கு ஏற்கெனவே இருக்கிறது போதும்வே."

நான்காம் இரவு, பாபநாசம் பணிமனை.
டிரைவர் அந்தோணியின் பேனாக்கத்தி
கொட்டையைச் சுற்றி ஒரு வளைவு.
தோலோரம் பச்சை, உள்ளே போகப் போக மஞ்சள்.
இனிப்பில்லை, புளிப்பில்லை,
எதுவும் சொல்லாத பழம்.
எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவி,
ஈருள்ளி நறுக்கிப் போட்டு
உப்புக்குப் போன கை
பாதியில் நின்று, வெட்கப்பட்டு, திரும்பியது.
"மெழுகு மாதிரி இருக்கு" என்ற அந்தோணி
இன்னொரு சப்பாத்தி எடுத்துத் தடவினான்.

மாத்திரை நிற்கவில்லை.
அது பழம்தானே, மாயமில்லை என்றார் டாக்டர்.
நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூற்று இரண்டு.
எதனால் என்று யார் கண்டது.
ஊறுகாயையும்தான் விட்டிருந்தேன்.

அன்று விடியலின் முதல் நடையில்
ஒரு ரூபாய்க்குத் துழாவிய கையில்
கொட்டை வந்தது.
கல்லிடைக்குறிச்சியில் இறங்க வேண்டிய அப்பளக்காரர்
"கொடும், வச்சுப் பாப்போம்" என்று
மடியில் கட்டிக்கொண்டார்.
படியில் கால் வைத்தவர்
திரும்பிக் கேட்டார்:
"அந்த ஒரு ரூவா?"