கூரையில் உப்பு

ஜனவரி. சமையலறைக் கூரையில் ஒரு கறை.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்,
பீர் ஆலைச் சோதனைக்கூடத்தில்
இருபது வருடமாக அப்படித்தான் பழக்கம்.
கரித்தது.

கடலே இல்லாத நாடு இது.
ஓஸ்ட்ராவாவிலிருந்து பக்கத்துக் கடலுக்கு
ஓர் இரவு முழுக்க ரயில்.

திட்டுவதற்காகத்தான் நான்காம் மாடி ஏறினேன்.
கதவைத் திறந்த யார்மிலாவுக்கு முழங்கை வரை ஈரம்,
கையில் பல் துலக்கும் பிரஷ்.
"வாளி வழிந்துவிட்டது, மன்னியுங்கள்,
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்."

முந்நூறு லிட்டர். நீல வெளிச்சம்.
நான் பவளத்தைக் கண்டதெல்லாம்
நகைக்கடைக் கண்ணாடிக்குள்.
இங்கே அது பழுப்புச் சளி பூசிக்கொண்டிருந்தது,
சளிக்குள் குமிழி குமிழியாய்க் காற்று.
ஒரு கிளை நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது,
உள்ளே சுண்ணாம்பு தெரிய.
நத்தைகள் மல்லாந்து கிடந்தன.
"ராத்திரி விளக்கணைத்தால் சளி மறைகிறது.
மதியத்துக்குள் மறுபடி வந்துவிடுகிறது."

கோடையில் முதலில் வந்தது பச்சைமுடிப் பாசியாம்.
பிடுங்கினாள்.
பாறைகளை ஒவ்வொன்றாய் எடுத்துத் தேய்த்தாள்.
மீன் தீனியைப் பாதியாக்கினாள், பிறகு அதிலும் பாதி.
பாஸ்பேட்டை உறிஞ்சும் துருநிறக் குருணை வாங்கிப் போட்டாள்.
அவளுக்கு வேலை மருத்துவமனையில்,
அறுவைக் கத்திகளைக் கிருமி நீக்குவது.
ஒன்றையும் உயிரோடு விட்டறியாத கை.

நோட்டைக் காட்டினாள்.
நைட்ரேட் பூஜ்யம். பாஸ்பேட் பூஜ்யம்.
பூஜ்யங்களுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு, பெருமையாக.
"எல்லாம் சரியாக இருக்கிறது.
எல்லாம் செத்துக்கொண்டும் இருக்கிறது."

மூலையில் நுரை எடுக்கும் குழாய் கொப்பளித்தது.
எங்கள் ஆலையில் நுரைக்கு மரியாதை,
இங்கே அதைக் கழிவறையில் கொட்டுகிறார்கள்.

சளியில் ஒரு துளியை ஜாம் பாட்டிலில் வாங்கிக்கொண்டேன்.
கூரையைப் பற்றிக் கேட்க மறந்துபோனது.

மறுநாள், ஈஸ்ட் எண்ணும் நுண்ணோக்கியில்
துளி வடிவத்தில் ஆயிரம் பேர்.
வால் முனையில் முளையடித்துக் கட்டியதுபோல்
ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே
செக்குமாடாய்ச் சுற்றியது.
பாசி என்றும் சொல்ல முடியவில்லை,
பூச்சி என்றும் சொல்ல முடியவில்லை.
மேலாளர் எட்டிப் பார்த்து, "நம் பீரிலா?" என்று வெளிறினார்.

தொலைபேசியில் சொன்னேன்.
இரண்டு இரவு உட்கார்ந்து படித்தாள்.
ஒன்றுமில்லாத தண்ணீரில்தான் இது கொழுக்குமாம்.
தெருவிலே மற்றக் கடைகளையெல்லாம் அவளே மூடியிருக்கிறாள்,
மிச்சமிருந்தது இந்த ஒரு கடை.

சற்று நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"அப்படியானால் நான் தண்ணீரை அழுக்காக்க வேண்டும்,"
சேற்றுக் காலோடு அறுவை அறைக்குள்
போகச் சொன்னவள்போல் கேட்டாள்.

குருணையை எடுத்து எறிந்தாள்.
நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.
இருட்டில் சளி பாறையை விட்டு மிதக்கும் நேரம் பார்த்து
தண்ணீரைப் புற ஊதா விளக்குக் குழாய் வழியே ஓட்டினாள்.
மீன்களுக்கு உறைந்த இறால், இரட்டைப் பங்கு.
உப்பிட்டவளை நினைக்க வேண்டுமென்று
மீன்களுக்கு யாரும் சொல்லவில்லை.
தின்றன, கழிந்தன.
வேண்டியிருந்ததும் அதுதான்.

வெளுத்த கிளை பிழைக்கவில்லை.
இன்னொன்று, சுத்தியல் வடிவப் பவளம்,
மார்ச் மாதம் இரண்டு தலைகளை வெளியே நீட்டியது.
மூன்றாவது இன்னும் நீட்டவில்லை.

ஓர் இரவு பதினொன்றரைக்கு அழைப்பு மணி.
இரவு உடையில், மூச்சு வாங்க:
"வாருங்கள், வந்து பாருங்கள்."
மறுபடி வழிந்துவிட்டதோ என்று
துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

பின்கண்ணாடியில், இடது மூலையில்,
விரல் நகம் அளவுக்குப்
பச்சைமுடிப் பாசி.

"பிடுங்கவா?"
"கையை ஒடித்துவிடுவேன்."

கூரைக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை.
கறையின் ஓரத்தில் உப்பு பூத்திருக்கிறது,
அடுப்பெரியும்போது சூப்பில் இரண்டொரு துகள் விழும்.
ருசி பார்த்துவிட்டுத்தான்
மீதி உப்பைப் போடுகிறேன்.