சாவா மூவாப் பேராடு

இக்னேஸுக்கு வரும் வழியில், பதினேழாம் நெடுஞ்சாலையில்,
முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது.
வாடகைக் காரின் கண்ணாடியில்
எள்ளளவு வெள்ளை.
நீதான் பொறுப்பு என்கிறது
நான் படிக்காமல் கையெழுத்திட்ட தாள்.
லாரிக்காரன் அல்ல, சாலை போட்டவன் அல்ல,
கல்லும் அல்ல.

பிறருக்காக அப்படிப்பட்ட தாள்களை எழுதுவதுதான் என் பிழைப்பு.

கர்லிங் அரங்கில் கூட்டம்.
ஐஸின் மேல் பலகை விரித்திருந்தார்கள்.
பலகை வழியே குளிர் காலணிக்குள் ஏற ஏற
விளக்கினேன்:
யார் தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம்.
செம்பு பூசியவன், பற்றவைத்தவன், பாறையை அளந்தவன்
எல்லோரையும் விட்டுவிட்டுப்
பழி ஒரே வாய்க்காலில் ஓடி
இயக்குபவரின் வாசலில் நிற்கும்.
தண்ணீர் எல்லை தாண்டினால்
மினசோட்டாக்காரரும் கேட்கலாம்,
அதற்கு உடன்படிக்கை இருக்கிறது,
நாடுகள் கூடி நிரப்பும் உண்டியல் இருக்கிறது.
உடம்புக்குக் கேடென்றால் முப்பது ஆண்டு வரை வழக்கு.
நிலத்துக்கு, மீனுக்கு, படகுத் தொழிலுக்குப் பத்து.

துளையிட்டெடுத்த பாறைத் தண்டுகளுக்கு எண் போடும்
ரெய்னோ கொஸ்கி கை தூக்கினார்.
‘முப்பது, எந்த நாளிலிருந்து?’
சம்பவம் நடந்த நாளிலிருந்து.
‘நானூறு வருஷமாக மெல்ல மெல்லக் கசிந்தால்
அதில் எது நாள்?’

டயாலிசிஸ் நர்ஸ் மார்லா எழுந்திருக்கவே இல்லை.
உட்கார்ந்தபடியே கேட்டார்:
‘சுரங்கத்தை மூடி, மின்சாரத்தைத் துண்டித்து,
காவலாளியும் வீட்டுக்குப் போனபிறகு
அங்கே யார், எதை, இயக்குகிறார்?’

பரிசீலனையில் இருக்கிறது என்றேன்.
காபி ஆறியிருந்தது.

மோட்டலில் ஹீட்டர் கடகடக்க
வரைவைத் திறந்தேன்.
‘இயக்குபவர் என்பவர்’. அதற்குப் பிறகு
துடிக்கும் ஒரு கோடு.
கம்பெனி என்று எழுதலாம்.
உலகத்திலேயே கிழட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு
வயது முந்நூற்றுச் சொச்சம்.
அரசு என்று எழுதலாம்.
இந்த அரசுக்கு நூற்றைம்பத்துச் சொச்சம்.
அறுநூற்றைம்பது மீட்டர் ஆழத்தில்
மூன்று மில்லிமீட்டர் செம்புச் சட்டை போட்டுக்கொண்டு
படுக்கப்போகிறதே, அது
வயதைக் கேட்டால் சிரிக்கும்.

சட்டத்துக்கு வருமுன் இரண்டு வருடம்
தஞ்சாவூரில் கல்வெட்டு படித்தேன்.
மைக்கட்டையும் ஈரத்தாளுமாகப் படியெடுத்ததில் ஒன்று
இன்னும் வரிவரியாக நினைவிருக்கிறது:
நொந்தா விளக்கு ஒன்றுக்கு
சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு.
நிசதம் உழக்கு நெய்.
சந்திராதித்தவல்.

ஆடு சாகும், மூக்கும். எழுதியவனுக்கும் தெரியும்.
ஆனாலும் சாகக்கூடாதென்று கல்லில் வெட்டி
இடையன் கையில் கொடுத்தான்.
குட்டி போட்டால் எண்ணிக்கையை ஈடுகட்டு,
நீ போனால் உன் மகன், அவன் மகன், அவன் மகன்.
எந்த உடன்படிக்கையிலும்
இத்தனை அழகான பொய்யை நான் பார்த்ததில்லை.

அந்த விளக்கு எரியவில்லை.
கல்லில் பாதியைப் படிக்கட்டுக்குப் பெயர்த்திருந்தார்கள்.
நெய் பாக்கி எத்தனை உழக்கு, யாரிடம் வசூலிக்க?

அங்கே விளக்கு அணைந்துவிடுமே என்று ஆடு விட்டார்கள்.
இங்கே
அணையாதே என்று.

‘இயக்குபவர் என்பவர்’ என்ற இடத்தில்
இடையன் என்று தமிழில் தட்டிப் பார்த்தேன்.
சிவப்பில் அடிக்கோடிட்டது.
அழித்தேன்.

காலையில் மைனஸ் இருபத்தெட்டு.
எள்ளிலிருந்து ஒரு கீறல் கிளம்பி
ஓட்டுநர் பக்கம் வரை வந்திருந்தது.
வாடகைக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

‘எப்போது நடந்தது?’
கல் பட்டது முந்தாநாள். விரிசல் விட்டது ராத்திரி.
இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது.
‘ஒரு தேதிதான் போட முடியும், மேடம்.’