எடைபோட்டு வாங்கிய ஆறு

கூழாங்கல் கிலோ பதினெட்டு ரூபாய்,
மெருகேற்றியது முப்பது.
"வீட்டுக்கா, ரெசார்ட்டுக்கா?" என்றார்
ஓசூர் நாற்றுப்பண்ணைக்காரர்.
"ஆத்துக்கு."
சிரித்து முடித்து
கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தார்.
நாலு டன். பில்லில்
'அலங்காரக் கல்' என்று எழுதினார்.

எந்த ஆற்றில் அள்ளியது என்று அவருக்குத் தெரியாது.
லாரியில் வரும், சாக்கில் போகும்.
ஒன்றை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
ஈரத்தில் மட்டும் தெரிகிற ரோஸ் வரி.
சின்னாற்றுக் கல்லாக இருக்கலாம்.
'இருக்கலாம்' என்பதைத்
திட்ட அறிக்கையில் எழுத முடியாது.

ஜல்லி போதாதா என்று கேட்டது அலுவலகம்.
இந்தப் பக்கம் ஜல்லிக்கா பஞ்சம்?
மலையையே தவணையில் விற்கிற சீமை.
ஆனால் ஜல்லிக்கு விளிம்பு உண்டு.
கருமுழிக் கெண்டையின் முட்டை
இறங்கி ஒதுங்க
உருண்ட கல் வேண்டும்,
கல்லுக்கடியில் நிற்காத நீர் வேண்டும்.
எங்கள் துறையில் இப்போது இருப்பது
சேறும்
சேற்றில் குழி பறித்துக் குடியிருக்கும் ஜிலேபியும்.

மாரண்டஹள்ளி தாண்டி
கரையில் டிப்பர் இறங்கும்போது
டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது.
வருவாய் ஆய்வாளர் திம்மராயன்.
"எவ்ளோ அள்ளுனீங்க?"
"அள்ளல சார், கொட்டுறோம்."
தொட்டியில் அடித்தார், சக்கரத்தில் அடித்தார்,
என் காலில் இருந்த ரப்பர் பூட்ஸில் அடித்தார்.
"எதுக்கு?"
"மீன் முட்டை போட."

மாதப்பன் வண்டியிலிருந்து குதித்தான்.
"சத்தியமா சார், நானும் மொதல்ல நம்பல.
பதினோரு வருசமா இதே துறையிலதான் ஏத்துறேன்.
எறக்குறது இதான் மொத தடவ."

சொன்ன பிறகுதான்
சொன்னது அவனுக்கே கேட்டது.

தவளைகள் கொஞ்சம் நேரம் பேசின.
திம்மராயன் டார்ச்சை அணைத்தார்,
போட்டார்.
பையிலிருந்து படிவம் எடுத்தார்.
ஆற்றிலிருந்து எடுக்கத்தான் படிவம் உண்டு,
ஆற்றில் போட இல்லை.
பானெட்டின் மேல் வைத்து
'எடுத்துச் செல்ல' என்பதை அடித்து
'கொண்டுவந்து கொட்ட' என்று பேனாவால் எழுதிச்
சுருக்கொப்பம் போட்டார்.
போகும்போது பழக்கதோஷத்தில்
ஒரு கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கெம்பம்மாவும் இன்னும் ஆறு பேரும்.
நூறுநாள் வேலையில்
குளம் வெட்டிப் பழகிய கைகள்.
வரைபடத்தைக் காட்டினேன்:
முப்பது சென்டிமீட்டர் கனம்,
நீரோட்டத்துக்குக் குறுக்கே சாய்வு.
கெம்பம்மா செருப்பைக் கழற்றிவிட்டு
போட்ட கல்மேல் நடந்தாள்.
"கூசுனா சரி. குத்துனா எடுத்துரு."
மாலைக்குள்
என் அளவுகோல் சாக்கடியில் எங்கோ கிடந்தது.

ஆடி. பஞ்சப்பள்ளி அணையில் நீர் திறந்தார்கள்.
ஏழாம் நாள்: வலையில் ஜிலேபி, ஒன்பது.
பன்னிரண்டாம் நாள்: ஜிலேபி, பதினான்கு,
ஒரு குழந்தையின் ஸ்கூல் ஷூ.
பதினெட்டாம் நாள்: அயிரை, இரண்டு.
அயிரைக்கு ஒரு வரி கூடுதலாக எழுதினேன்.

இருபத்துமூன்றாம் நாள்
கல்லிடுக்கில் சல்லடை வைத்தேன்.
கண்ணும் முதுகெலும்பும் மட்டுமான
பத்துப் பன்னிரண்டு துடிப்புகள்.
லென்ஸில் வயிற்றில் மஞ்சள்.
மீசை இன்னும் முளைக்கவில்லை.
யார் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்ல
இரண்டு வாரமாவது வேண்டும்.
அதே நீரை ஊற்றி
அதே கல்லுக்கடியில் விட்டேன்.

இரவு பத்தரைக்கு போன் வந்தது.
"மேடம், மாதப்பன். போட்டுச்சா?"
"ஏதோ போட்டிருக்கு. எதுன்னு தெரியல."
"நம்ம கல்லுலயா?"
"நம்ம கல்லுலதான்."
அந்தப் பக்கம் அவன் சிரிப்பு.
அதற்குப் பின்னால்
இரும்புத் தொட்டியில்
மண்வெட்டி மண்வெட்டியாக எதுவோ விழும் சத்தம்.

எங்கே இருக்கிறாய் என்று
நான் கேட்கவில்லை.