மூன்றாம் இடுப்பெலும்பின் மட்டத்தில்

வண்ணார்பேட்டையில் மருந்துக்கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே
கீழே இறங்குகிற படிக்கட்டு.
அதுதான் எங்கள் ஸ்கேன் சென்டர்.
மருத்துவமனைக்கு வாடகை மேலே, எங்களுக்குக் கீழே.

டோக்கன் பதினெட்டு. பலவேசம், அறுபத்தொன்று.
சுத்தமல்லி அணைக்கட்டில்
முப்பத்து நாலு வருஷம் லஸ்கர்.
இடது சிறுநீரகத்தைப் போன ஆவணியில் எடுத்தாயிற்று.
எடுத்த பிறகும் இளைக்கிறார் என்று
சீட்டில் எழுதியிருந்தது.

எங்கள் மெஷின் இந்தி பேசும்.
வாங்கின நாளிலிருந்து அப்படித்தான், மாற்ற ஆள் வரவில்லை.
இழுங்க, பிடிங்க, விடுங்க
மூன்றையும் நான்தான் மைக்கில் சொல்வேன்.

மருந்து ஏறும்போது உடம்பு சுடும்,
வேட்டி நனைந்த மாதிரி இருக்கும், நனைந்திருக்காது என்றேன்.
"சித்திரையில மேத்தண்ணி சுடும்லா, அதுமாதிரியா பிள்ள?"
இருக்கலாம் என்றேன்.
நான் ஆற்றில் குளித்துப் பல வருஷம் ஆகிறது.

படம் வந்தது.
வலது நுரையீரலில் ஏழு.
இடதில் எண்ணிக்கொண்டிருந்தேன்,
எட்டு, ஒன்பது, இது ரத்தக்குழாய், இது இல்லை, பத்து.
கண்ணாடிக்கு அப்பால்
மார்பு அசையவில்லை.

விடுங்க என்று சொல்ல
மறந்திருந்தேன்.

மைக்கை அமுக்கிக் கத்தினேன்.
அவசரமில்லாமல் விட்டார்.
"நீ சொல்லலியே."
மதகில் அமலை அடைத்தால்
முங்கி இழுத்துப் போடுகிறவரின் மூச்சு.

முன்பெல்லாம் கட்டியை அளந்தால் போதும்.
இப்போது ஒரு மென்பொருள் வந்திருக்கிறது,
அது கட்டியைப் பார்ப்பதே இல்லை.
மூன்றாம் இடுப்பெலும்பின் மட்டத்தில் ஒரே ஒரு வெட்டு,
எலும்புக்கு இருபுறமும் சதை எவ்வளவு மிச்சம் என்று கேட்கும்.
மவுஸால் சுற்றி வரைந்தேன்.
வைகாசிப் படத்தை அதன்மேல் வைத்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவே
குளம் வற்றும்போது கரையில் விடுகிற வளையம்.
ஷட்டர் சக்கரம் சுற்றிய முதுகு அது.

மென்பொருள் மாதக்கணக்கில் ஓர் எண் தந்தது.
இவரைப்போல் நூறு பேர் இருந்தால்
ஐம்பது பேர் அதைத் தாண்டுவார்கள் என்பது அதற்கு அர்த்தம்.
இவரைப்போல் நூறு பேரை
எங்கே பிடித்தார்களோ.
சுத்தமல்லியில் இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "எப்படி?"
டாக்டர் சொல்வார் என்றேன்.
சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.
"கடமடைக்காரவ சைக்கிள மிதிச்சிக்கிட்டு வருவாவ,
தண்ணி இன்னும் எத்தன நாளைக்குன்னு.
இன்ஜினியர் சொல்லுவாருன்னுதான் நானும் சொல்லுவேன்.
காலையில அளவுகோலப் பாத்தவன் நான்லா."

பிறகு, சிரிக்காமல்:
"நீ அளவ மட்டும் சொல்லு.
நாள நான் பாத்துக்கிடுதேன்."

ரிப்போர்ட் நாலு மணிக்கு என்றேன்.

மேலே ஜூஸ் கடையில் பேராச்சி
ஐஸ் போடாத சாத்துக்குடிக்குச் சண்டை போடுவது கேட்டது.
படியேறுமுன் நின்றார்.
நாங்கள் இரண்டு தடவை வெள்ளையடித்தும் போகாமல்
சுவரில் கிடக்கிறது மார்கழி வெள்ளம் நின்ற கோடு.
விரலை வைத்தார், தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.
"நாலே முக்கா அடி" என்றார்.
ஏறினார்.

அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல்
டேப்பை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன்.
நாலே முக்காலுக்கு
ஒரு விரற்கடை குறைவு.